முதல் உரிமையாளருக்கு மட்டும்

ஆறு வாரமாக ராய்ஸ் ஸ்கார் என்பவர் வாரண்டி படித்துக்கொண்டிருந்தார். காலை காபிக்கு ஒரு கம்பெனியின் வாரண்டி, மாலை காபிக்கு இன்னொரு கம்பெனியின் வாரண்டி. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பைபிளைத் திறந்த வேகத்தையும் மூடிய வேகத்தையும் பார்த்திருந்த மனைவி வெர்லாவுக்கு, இந்தப் பக்தி எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. புரியவில்லை என்றுதான் முகத்தை வைத்திருந்தார்.

"ஆயுள் முழுக்க வாரண்டின்னு பெருசா போட்டிருக்கான். ஆனா கீழ பாரு, எறும்பு மாதிரி எழுத்து. எறும்பு மாதிரி எழுதறதே ஏமாத்தத்தான்," என்றார் ராய்ஸ், கையில் பூதக்கண்ணாடியோடு.

"எனக்கு அது சாதாரண எழுத்தாத்தான் தெரியுது."

"நீ பஸ் ஓட்டறவ. உனக்குச் சட்ட பாஷை புரியாது."

வெர்லா ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பஸ்ஸை இருபத்தாறு வருடமாக ஓட்டுபவர். பின்சீட்டில் யார் யாரைக் கிள்ளினார்கள் என்பதைக் கண்ணாடியில் பார்த்தே தீர்ப்புச் சொல்லிப் பழகியவர். சட்ட பாஷை தெரியாது என்ற பட்டத்தை ஒரு வாய் காபியோடு விழுங்கிவிட்டு, முட்டையைத் திருப்பிப் போடப் போனார்.

விஷயம் இதுதான். மலையில் திரியும் பெருங்கொம்பு ஆட்டுக்கடாவை வேட்டையாட மொன்டானா மாநிலத்தில் யாரும் நினைத்தபோது போக முடியாது. வசந்தத்தில் பெயர் கொடுக்க வேண்டும், ஜூனில் குலுக்கல். பெயர் கொடுத்தே செத்துப்போனவர்கள் ஊர் இடுகாட்டில் ஒரு வரிசை இருக்கிறார்கள். ராய்ஸ் கல்யாணமான வருடத்திலிருந்து பெயர் கொடுக்கிறார். முப்பத்தெட்டு வருடம், முப்பத்தெட்டு 'மன்னிக்கவும்'. மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு தூண்டிலைவிட இரண்டு தூண்டில் மேல் என்று கணக்குப் போட்டு, வெர்லாவின் பெயரையும் அவரே எழுதிப் போட்டார். இந்த ஜூனில் வெர்லாவுக்கு விழுந்தது.

ராய்ஸ் பெருந்தன்மையாக நடந்துகொண்டார். மனைவியைக் கட்டி அணைத்தார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் போன் செய்து சொன்னார். அதன்பிறகு கொட்டகைக்குப் போய், பெட்டுனியா என்ற கோவேறு கழுதையிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார். பெட்டுனியா என்ன ஆறுதல் சொன்னது என்று தெரியாது. திரும்பி வந்தவர், "சரி, ஸ்கோப் வாங்கற வேலை என்னோடது. அதுல யாரும் தலையிடக் கூடாது," என்றார்.

துப்பாக்கி மேல் பொருத்திக் குறிபார்க்கும் ஸ்கோப் வெர்லாவிடம் ஒன்று இருந்தது. மான் சுடப் போதும். ஆனால் வாழ்க்கையில் ஒரே ஒருமுறை கிடைக்கும் மலைக்கடாவுக்கு அது போதாது என்று ஊரே சொன்னது. வெர்லாவும் ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொண்டதோடு ஆறு வாரம் ஓடிவிட்டது. ராய்ஸ் இரண்டு ஸ்கோப்புகளில் வந்து நின்றார், நின்றவர் நகரவில்லை.

ஒன்று உள்நாட்டுக் கம்பெனி. ஆயுள் வாரண்டி. ரசீது வேண்டாம், கேள்வி கிடையாது, யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் செல்லும். மற்றது ஆஸ்திரியாக்காரன் செய்தது. கண்ணாடி ஊற்றுத்தண்ணீர் மாதிரி. ஆனால் வாரண்டி பத்தே வருடம், முதலில் வாங்கியவருக்கு மட்டும். கீழே போட்டால் கிடையாது, மோதினால் கிடையாது, கழுதை அதன் மேல் படுத்துப் புரண்டால் நிச்சயம் கிடையாது.

"பத்து வருஷம் போதுமே. அப்புறம் எனக்கு எழுபத்திமூணு," என்றார் வெர்லா.

"எழுபத்திமூணுல உடைஞ்சா?"

"எழுபத்திமூணுல உடையப்போறது இடுப்பு. ஸ்கோப் இல்ல."

"விளையாடாத. பக்கத்துப் பண்ணை டுவேனைப் பாரு. பிக்கப் பின்கதவு மேல ஸ்கோப்பை வச்சு மறந்துட்டு, அவனே அது மேல வண்டியை ஏத்தினான். தட்டையாப் போனதை டப்பாவுல போட்டு அனுப்பினான். புதுசு வந்துச்சு. கூட ஒரு தொப்பியும் வந்துச்சு."

"அது நடந்தது வேட்டைக்குப் போன முதல் நாள் காலைல. மீதி வாரம் முழுக்க அவன் கூடாரத்துல உக்காந்து சீட்டு ஆடினான். வாரண்டி தபால்ல வேலை செய்யும் ராய்ஸ். மலை மேல வேலை செய்யாது."

இது நல்ல வாதம். அதனால் ராய்ஸ் அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, இன்னொரு வாரம் படிக்க வேண்டியிருப்பதாகச் சொன்னார்.

உண்மையில் ராய்ஸுக்கு அந்த வாரண்டிகள் எப்போதோ மனப்பாடம். ஸ்கோப் வாங்குவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. வாங்கினால் மறுநாளே சுட்டுப் பழகும் இடத்துக்குப் போக வேண்டும். அங்கே வெர்லா சுடுவார், ராய்ஸ் பெரிய தொலைநோக்கியில் பார்த்து, குண்டு எங்கே பட்டது என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல முடியாதென்று அவருக்குத் தெரியும்.

போன நவம்பரில் தெரிந்துவிட்டது. ஒரு எல்க் மானை அவர் பனியில் வயிற்றால் ஊர்ந்து ஊர்ந்து நெருங்கினார். மான் அசையவே இல்லை. அதன் கம்பீரத்தை மனசுக்குள் புகழ்ந்தபடி இன்னும் ஊர்ந்தார். எழுந்து பார்க்கும் தூரத்துக்கு வந்தபோது அது ஒரு எரிந்த மரத்தின் அடிக்கட்டை. சட்டைக்குள் பனியோடு திரும்பி வந்தவர், ஸ்கோப்பில் உள்ளே ஈரம் கட்டிவிட்டது என்று அறிவித்தார். அவருடைய பழைய ஸ்கோப்புக்கும் ஆயுள் வாரண்டி உண்டு. டப்பாவில் போட்டு அனுப்பினார். துடைத்து, பளபளவென்று திரும்பி வந்தது. மாற்றிவிட்டார்கள் என்று வெர்லாவிடம் சொன்னார்.

அதன்பின் ஒருநாள் சாலையோரத்தில் நின்ற டுவேனின் தபால்பெட்டிக்கு மரியாதையாகக் கையசைத்தார். பதில் இல்லை. டுவேனுக்குத் திமிர் வந்துவிட்டது என்று இரண்டு நாள் கோபமாக இருந்தார். அதிலிருந்து வண்டியை எப்போதும் வெர்லாதான் ஓட்டினார். ஏன் என்று ராய்ஸும் சொல்லவில்லை, வெர்லாவும் கேட்கவில்லை.

மலைக்கடா வேட்டையில் சுடுபவருக்கு ஒரு வேலைதான். பக்கத்தில் படுத்துப் பார்த்துச் சொல்பவருக்குத்தான் எல்லா வேலையும். எது கிழட்டுக் கடா, எது வாலிபக் கடா, கொம்பு நுனி தேய்ந்திருக்கிறதா, வளையங்கள் எத்தனை. இனி குட்டி போட வைக்காத கிழட்டுக் கடாவாகப் பார்த்துச் சுடுவதுதான் அந்தப் பக்கத்தில் மானம். வாலிபக் கடாவைச் சுட்டு வந்தவனை ஊர் ஒன்றும் சொல்லாது. சொல்லாமலே இருபது வருடம் பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்ணாக வெர்லாவுக்குப் பக்கத்தில் படுக்க வேண்டியவர் ராய்ஸ். முப்பத்தெட்டு வருடம் கேட்டுக் கிடைக்காத மலையில், அவருக்கு மிஞ்சியிருந்த இடம் அது ஒன்றுதான். கண் தெரியவில்லை என்று சொன்னால் கீழே கூடாரத்தில் பெட்டுனியாவுக்குத் துணை. மேலே டுவேன்.

ஆகவே வாரண்டி படித்தார்.

ஜூலை கடைசியில் ஒரு வியாழக்கிழமை, வெர்லா வண்டிச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார். "கிளம்பு. ஆரினோட துப்பாக்கிக் கடைக்குப் போறோம்."

"இப்பவா? சாயங்காலம் ஆயிடுச்சே."

"சாயங்காலம்தானே போகணும்?"

ஆரின் கடையில் யாரும் பகலில் ஸ்கோப் வாங்குவதில்லை. பட்டப்பகலில் பாட்டிலின் அடிப்பாகம் வழியாகக்கூட ஊர் தெளிவாகத் தெரியும் என்பது ஆரினின் அப்பா காலத்துப் பேச்சு. வெளிச்சம் சாயும்போது கடைக்குப் பின்புறம் போக வேண்டும். அங்கே ஒரு மேஜை, மேஜையில் மணல் மூட்டை. எதிரே காலி இடத்தைத் தாண்டி, தீவனக் கொட்டகையின் சுவரில் ஓர் எல்க் கொம்பு அடித்திருக்கும். கொம்பின் கிளைகளை எண்ணிச் சொல்ல வேண்டும். எந்த ஸ்கோப்பில் கடைசிவரை எண்ண முடிகிறதோ அதுதான் நல்ல ஸ்கோப்.

வண்டியில் போகும்போது ராய்ஸுக்கு ஒரு ஞானம் பிறந்தது. அந்தக் கொம்பு அவருடையது. இளவயதில் அவர் சுட்ட மான், அவரே ஆரினின் அப்பாவுக்குக் கொடுத்தது, அவரே ஏணி போட்டு ஏறி அடித்தது. ஆறு கிளை. சொந்தப் பெண்ணின் பிறந்தநாளை மறந்தாலும் அது மறக்காது. ராய்ஸ் சாய்ந்து உட்கார்ந்து, சீட்டியடிக்க ஆரம்பித்தார்.

ஆரின் இரண்டு ஸ்கோப்பையும் மணல் மூட்டைகள்மேல் படுக்கவைத்திருந்தார். தாடியும் தொந்தியும், யாரையும் அவசரப்படுத்தாத குரலும். சின்ன வயதில் வெர்லாவின் பஸ்ஸில் போனவர், ஆகவே வெர்லாவிடம் மட்டும் கொஞ்சம் மரியாதை.

"வாங்க வெர்லா. என்னடா ராய்ஸ், படிச்சு முடிச்சிட்டியா? பட்டம் எப்போ குடுக்கறாங்க?"

"நீ சொல்லு. எது வாங்கலாம்?"

"உடையாதுன்னு நம்பறவன் பத்து வருஷம் குடுக்கறான். உடையும்னு தெரிஞ்சவன் ஆயுசுக்கும் குடுக்கறான்." ஆரின் தாடியைச் சொறிந்தார். "இதையே திருப்பிப் போட்டும் சொல்லலாம். நான் ரெண்டையும் விக்கறவன்."

மேற்கே மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்கியிருந்தது. ராய்ஸ் முன்னால் வந்து, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஆஸ்திரியாக்காரன் ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். பால் ஊற்றிய காபி மாதிரி ஒரு மங்கல். அதில் கொஞ்சம் கருப்பாக ஒன்று. கொட்டகையாக இருக்கலாம், டுவேனாகவும் இருக்கலாம்.

"ஆஹா," என்றார் ராய்ஸ். "ஆறு. சுத்தமா ஆறு. மூணாவது கிளையோட நுனி இருக்கு பாரு, அதுல இருக்கற கீறல்கூடத் தெரியுது."

"கீறலா?" என்றார் ஆரின்.

"கீறல்தான். மரத்துல தேய்ச்ச கீறல். என்ன கண்ணாடிடா இது." அடுத்த ஸ்கோப்புக்கு நகர்ந்தார். அதே காபி. "இதுலயும் ஆறு. ஆனா மூணாவது நுனி அவ்வளவு கூர்மையா இல்ல. வித்தியாசம் இருக்கு."

வெர்லா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மற்றதில் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் குரல் மெதுவாக இருந்தது.

"எனக்கு ரெண்டுலயும் அஞ்சுதான் தெரியுது."

"முனையில வளையம் இருக்கும், அதைத் திருப்பிக்கோ. வயசானா அப்படித்தான்," என்றார் ராய்ஸ் கருணையோடு. "தப்பா நினைக்காத வெர்லா, உன் கண்ணைக் கொஞ்சம் காட்டிடறது நல்லது."

ஆரின் தன் பூட்ஸ் நுனியைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் கடைசியில் ராய்ஸைப் பார்த்தார்.

"மே மாசம் தீவன லாரி ரிவர்ஸ்ல வந்து சுவரை இடிச்சுதுடா. கொம்பு கீழ விழுந்துச்சு. திருப்பி அடிச்சேன். ஆனா ஒரு கிளை போச்சு." சற்று நிறுத்தி, "மூணாவது," என்றார்.

கொட்டகைப் பக்கம் ஒரு காடை கூவியது. ஆரின், உள்ளே போன் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எந்தப் போனும் அடிக்கவில்லை. அதை யாரும் சுட்டிக்காட்டவில்லை.

ராய்ஸ் மணல் மூட்டையைத் தட்டிச் சரிசெய்தார். அது சரியாகத்தான் இருந்தது.

"மார்ச்ல அந்தக் கம்பெனிலேருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு," என்றார் வெர்லா. "நீ கொட்டகைல இருந்தே. ஸ்கோப்புல ஒரு குறையும் இல்ல, துடைச்சு மட்டும் அனுப்பறோம்னு சொல்லிச்சு. ரொம்ப மரியாதையா, வேற எதுவும் பிரச்சினை இருக்கான்னு கேட்டுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"என் புருஷன்கிட்ட கேட்டுச் சொல்றேன்னேன்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். அடிக்கட்டையைத் துரத்தினப்ப சொல்லலை. தபால்பெட்டிக்கு வணக்கம் வச்சப்ப சொல்லலை. சரி, ஸ்கோப் வாங்கறப்பவாவது சொல்லுவேன்னு பாத்தா, ஆறு வாரம் வாரண்டி படிக்கிறே. என் பஸ்ல வீட்டுப்பாடம் செய்யாத பசங்ககூட இவ்வளவு பாடுபட மாட்டாங்க."

ராய்ஸ் மேஜையின் விளிம்பில் உட்கார்ந்தார். சிரிக்கலாமா என்று பார்த்தார், வரவில்லை.

"சொன்னா என்னை விட்டுட்டு டுவேனைக் கூட்டிட்டுப் போவே."

"டுவேனையா? அவன் வாய் மூடறதுக்குள்ள ஆடு கனடாவுக்குப் போயிடும்."

"யாரையாவது கூட்டிட்டுப் போகணுமில்ல. கண்ணு தெரிஞ்ச ஆளா." அவர் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்தார். "ஸ்கோப் கெட்டா டப்பால போட்டு அனுப்பலாம். இதை எங்க அனுப்பறது? அறுத்துத் திறப்பான். தப்பாச்சுன்னா புதுசு தபால்ல வராது. இப்போ கொஞ்சமாவது தெரியுது. அதையும் விட்டுட்டா?"

வெர்லா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மேஜை முனகியது. அவருக்கும் பயம் இருந்தது. முப்பத்தெட்டு வருடமாக ராய்ஸ் பார்த்துச் சொன்ன பிறகுதான் அவர் சுட்டிருக்கிறார்.

"இந்தக் குலுக்கல்ல எனக்கு விழுந்ததுக்கு நான் எவ்வளவு அழுதேன் தெரியுமா உனக்கு?"

"சந்தோஷத்துல."

"முட்டாள். கோவத்துல. பேர் மாறி வந்திருக்கக் கூடாதான்னு." மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நீ பக்கத்துல படுத்து 'அதுதான்'னு சொன்னா சுடுவேன். சொல்ல நீ இல்லேன்னா நான் போகல. அந்த அனுமதியை எடுத்து ஃபிரிட்ஜ் மேல ஒட்டிடறேன். ஆடு நிம்மதியா இருக்கட்டும்."

ராய்ஸ் திடுக்கிட்டார். மலைக்கடா அனுமதி கையில் இருந்தும் போகாதவர் என்று ஒருவரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. வெர்லா வெறும் மிரட்டலாக எதையும் சொல்வதில்லை. ஒருமுறை பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி, சத்தம் அடங்கும்வரை ஸ்டியரிங்கில் சாய்ந்து கம்பளி பின்னியவர்.

"அது பாவம், வெர்லா."

"அப்போ கண்ணைக் காட்டு."

ஆரின் எட்டிப்பார்த்தார். "எந்த ஸ்கோப்னு முடிவாச்சா?"

"இன்னும் ஒரு மாசம் எடுத்து வை," என்றார் வெர்லா. "முதல்ல வேற ஒரு கண்ணாடி வாங்க வேண்டியிருக்கு."

கிரேட் ஃபால்ஸ் நகரத்துக் கண் ஆஸ்பத்திரியில் டாக்டர் இமாய் என்ற இளம்பெண், ராய்ஸின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது, இதோடு எப்படி நடமாடினீர்கள் என்று கேட்டார். மனைவி வண்டி ஓட்டினாள் என்றார் ராய்ஸ். பழைய லென்ஸை எடுத்துவிட்டுப் புதியதை வைப்போம், முதலில் வலது கண், அன்றைக்கே நீங்கள் வீடு போய்ச் சாப்பிடலாம் என்று டாக்டர் விளக்கினார். பிறகு ஏதாவது கேள்வி உண்டா என்றார்.

"உண்டு," என்றார் ராய்ஸ். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆறு வாரப் படிப்பு வீண்போகவில்லை. "அந்த லென்ஸுக்கு வாரண்டி எத்தனை வருஷம்?"

வெர்லா கூரையைப் பார்த்தார்.

டாக்டர் இமாய் சிரிக்கவில்லை. பண்ணை மனிதர்களைப் பார்த்துப் பழகியவர்போல. "லென்ஸ் உங்களைவிட அதிக நாள் இருக்கும். ஆபரேஷன்ல தப்பு நடக்கவே நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன். ரொம்ப அபூர்வம், ஆனா நடக்கலாம். அதுக்கு யாரும் எழுதிக் குடுக்க முடியாது. செய்யலைன்னா என்ன ஆகும்னு வேணா எழுதித் தரேன்."

ராய்ஸ் யோசித்தார். இது அவர் படித்த எல்லா வாரண்டிகளையும்விட நேர்மையாக இருந்தது. எறும்பெழுத்தே இல்லை.

"வேற யாருக்காவது மாத்திக் குடுக்க முடியுமா?"

"முடியாது. முதல் உரிமையாளருக்கு மட்டும்."

"அப்போ சரி," என்றார் ராய்ஸ். வெர்லா அவர் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார், பஸ் கியரைப் பிடிப்பதுபோல, இறுக்கமாக.

ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் ஆரின் கடைக்குப் பின்னால் மறுபடி உட்கார்ந்தார்கள். இரண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்திருந்தது. முதல் வாரத்தில் ராய்ஸ் கண்டுபிடித்தவை: சமையலறைச் சுவர் மஞ்சள் அல்ல, வெள்ளை. பெட்டுனியாவுக்கு முகவாய் நரைத்துவிட்டது. தனக்கும். வெர்லாவின் கண்ணைச் சுற்றி, போன வருடம் இல்லாத கோடுகள் இருந்தன. அவற்றில் எத்தனை தன் பங்கு என்று அவர் எண்ணவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். "அஞ்சு," என்றார். "ஒடிஞ்ச இடம் வெள்ளையா இருக்கு. ஆரின், நீ ஆணியைக் கோணலா அடிச்சிருக்கே."

"அது நீ அடிச்ச ஆணி. நான் அடிச்சது பக்கத்துல."

வெளிச்சம் இறங்க இறங்க மாறி மாறிப் பார்த்தார்கள். கொம்பு மெல்லச் சுவரோடு கலந்தது. உள்நாட்டு ஸ்கோப்பில் அது முதலில் மறைந்தது. ஆஸ்திரியாக்காரன் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருந்தான்.

"பாத்தியா," என்றார் ராய்ஸ். "அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் அவ்வளவு விலை."

"அந்தக் கொஞ்ச நேரத்துல நாங்க சுடலாமா ஆரின்?" என்று கேட்டார் வெர்லா.

ஆரின் கடிகாரத்தைப் பார்த்தார். "இல்ல. சட்டப்படி சுடற நேரம் முடிஞ்சு ரொம்ப ஆச்சு. இப்போ துப்பாக்கி உறைக்குள்ள இருக்கணும்." கடைக்காரராக இதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, தாடியைச் சொறிந்தார். "நட்சத்திரம் பாக்க நல்லாருக்கும்."

ஆறு வாரச் சட்டப் படிப்பு கொட்டகைச் சுவரோடு சேர்ந்து இருட்டிக்கொண்டிருந்தது.

"பெட்டுனியா எப்படியும் ஒருதடவை இது மேல படுத்துப் புரளும்," என்றார் வெர்லா. "உள்நாட்டுதையே குடு. நமக்கப்புறம் யார் கைல இருந்தாலும் செல்லும். என்ன ராய்ஸ்?"

"சியாட்டில்ல இருக்கற நம்ம பொண்ணு கறியே சாப்பிடறதில்ல."

"அவ அதுல எங்கயாவது ஆட்டைப் பாத்துட்டு சும்மா விடட்டும். வாரண்டில சுடணும்னு போட்டிருக்கா?"

"இல்ல," என்றார் ராய்ஸ். அதையும் அவர் படித்திருந்தார்.

ஆரின் வாரண்டிச் சீட்டை டப்பாவோடு நீட்டினார். ராய்ஸ் அதை வாங்கி, வண்டியருகே போய், முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த வெட்டுக்கிளிகளை அதன் ஓரத்தால் சுரண்டினார். மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"ராய்ஸ்," என்றார் வெர்லா பின்னாலிருந்து.

திரும்பினார். அரை இருட்டில் ஏதோ ஒன்று அவரை நோக்கிக் காற்றில் வந்தது. சின்னதாக, சுழன்று, பளபளத்து. கை தானாக எழுந்து அதைப் பிடித்தது. வண்டிச் சாவி.

வெர்லா சுற்றி வந்து மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். பல மாதமாக அந்த சீட்டில் உட்காராததால், அதன் உயரத்தைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் டுவேனின் தபால்பெட்டி வந்தது. ராய்ஸ் வேகத்தைக் குறைத்தார். அதன் கதவில் துரு, கொடி வளைந்திருந்தது, மேலே ஒரு சிட்டுக்குருவி. எல்லாம் தெரிந்தது.

ஜன்னல் வழியே கையை நீட்டி, அதற்கு நன்றாகக் கையசைத்துவிட்டு ஓட்டினார்.